நூற்று அறுபத்து நாலும் ஒரு பந்துப் பையும்

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவள் பெர்னதெத். கையில் கிடைத்த பந்தை எனக்குப் போடாமல், வயிற்றோடு கட்டிக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். இவ்வளவுதான் அக்கா விஷயம். இந்தப் பை ஏன் உங்கள் முழங்காலை இடிக்கிறது என்று கேட்டீர்கள், அதற்குப் பதில் இதுதான். வேண்டாம், நீங்கள் நகர வேண்டாம், உள்ளே ஆறு பந்துதான். எதுவரைக்கும் போகிறீர்கள்? திருநெல்வேலியா? நல்லதாகப் போயிற்று. நான் பாளையங்கோட்டை. அப்படியானால் முழுதாகக் கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். கோர்ட்டில் வேலை பார்க்கிறீர்களா, மடியில் ஃபைல் இருக்கிறதே? ரேஷன் கடையா? பரவாயில்லை. அங்கேயும் நியாயம் அநியாயம் பார்த்திருப்பீர்கள்.

நான் சுகிர்தா. மூன்றாம் வருஷம், அரசியல் அறிவியல். மூன்று வருஷமாகப் பேச்சுப் போட்டிக்கும் போகிறேன், காலேஜ் பாஸ்கெட்பால் டீமிலும் ஆடுகிறேன். அதனால் எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக எடுத்து வைப்பேன். வைத்தாலும் அது நிற்காது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்று காலையில் நாகர்கோவிலில் ஃபைனல். ஜெயித்தோமா என்றால், ஜெயித்தோம். ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தேழு. நீங்களும் அதையே கேட்கிறீர்கள் பாருங்கள். எல்லாருக்கும் அந்த ஒரு கேள்விதான். கோப்பையை வருஷா வருஷம் யாராவது ஒரு காலேஜ் ஜெயிக்கத்தான் செய்யும். ஜெயித்த கோப்பைகள் எங்கள் பிரின்சிபால் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, அதற்குச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்வது சுவரைப் பற்றி.

மைதானத்துக்குப் பக்கத்தில் பந்து, வலை, ஹாக்கி மட்டை எல்லாம் போட்டு வைக்கிற அறை ஒன்று உண்டு. பால் ரூம் என்போம். அதன் உள்சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே வெள்ளையில் எழுதியிருக்கும். ஒரு சீசனில் அதிகப் புள்ளிகள், ஹெப்சிபா, 164, வருஷம் 2009. ஒரே ஒரு பெயர். இரண்டாம் இடம், ஆறுதல் பரிசு என்கிற பேச்செல்லாம் அந்தச் சுவரில் கிடையாது. யாராவது அதைத் தாண்டினால், தாண்டியவளே பிரஷ்ஷை எடுத்துப் பழைய பெயரின் மேல் கறுப்பு அடித்து, காய்ந்ததும் தன் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும். டீம் மொத்தமும் சுற்றி நின்று பார்க்கும். அதுதான் வழக்கம். ஹெப்சிபா அக்காவின் கையெழுத்தைப் பார்த்தால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். முதல் எழுத்து ஒரு ஊருக்குப் போகிறது, கடைசி எழுத்து இன்னொரு ஊருக்குப் போகிறது. அதைத்தான் நாங்கள் தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்துக்கொண்டு பந்து எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் எதிரே ஆடியவர்கள் மட்டும் யார்? பாதிப் பேர் ஆள் பற்றாமல் கோ-கோ டீமிலிருந்து இழுத்து வந்தவர்கள். அவர்கள் மேல் அடித்த நூற்று அறுபத்து நாலும் ஒரு நூற்று அறுபத்து நாலா? யார் சொன்னது என்று கேட்காதீர்கள் அக்கா, பொதுவாகத் தெரிந்த விஷயம்.

அந்தப் பெயரை அழிப்பது எங்கள் இருவரில் ஒருத்தி என்று நானும் பெர்னியும் முதல் வருஷமே முடிவு பண்ணிவிட்டோம். பெர்னதெத்துக்கு உவரி. அப்பா படகு வைத்திருக்கிறார். அவருக்குத் தோள் இறங்கிப்போய் எடுத்த பழைய எக்ஸ்ரே ஷீட் இரண்டை ஒருநாள் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து, பிளேடால் எழுத்து வெட்ட உட்கார்ந்துவிட்டாள். சுவரில் வைத்துப் பெயின்டைத் தடவினால் அச்சுப்போல விழும் என்று. ‘யாரு தாண்டுனாலும் கோணாம விழணும்ட்டி’ என்றாள். முதலில் என் பெயரை வெட்டினாள். ‘கி’யின் மேல் வளைவில் கொஞ்சம் பிசகு. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அடுத்த ஷீட்டில் தன் பெயரை ‘பெர்’ வரைக்கும் வெட்டிவிட்டு நிறுத்திவிட்டாள். கேட்டால் பிளேடு மொண்ணையாகிவிட்டதாம். மூன்று வருஷமாக இன்னொரு பிளேடு கிடைக்கவில்லை! எதையும் முடிக்காத குணம் அக்கா. ஆளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பைக்கு வருகிறேன். முதல் வருஷத்தில் சீனியர்கள் பந்துப் பையை எங்கள் இருவர் தலையிலும் கட்டினார்கள். தூக்க மாட்டேன் என்று நான் வாதாடினேன். சம உரிமை, சுயமரியாதை எல்லாவற்றையும் எடுத்து வைத்து அரைமணி நேரம் பேசினேன். பஸ் போய்விட்டது. அப்போது பெர்னிதான், ‘ஏ வக்கீலம்மா, போதும். மேட்ச்ல கொறச்சலாப் போட்டவ தூக்கணும், சரியா?’ என்றாள். அன்றைக்கு நான் நாலு பாயின்ட், அவள் பத்து. தூக்கினேன். அதிலிருந்து அது எங்களுக்குள் சட்டம். மேட்ச் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டைப் பார்ப்போம், குறைந்தவள் பையைத் தோளில் மாட்டுவாள், மற்றவள் பின்னாலேயே வந்து ‘இந்தா, கொஞ்சம் நேரா நட, பந்துக்கு வலிக்கும்லா’ என்று வெறுப்பேற்றுவாள். முதல் வருஷம் நான்தான் அதிகம் தூக்கினேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வருஷம் மாறி மாறி. அவள் என்னைவிட ஒரு பாயின்ட் கூடப் போட்டால் எனக்கு இராத்திரி சோறு இறங்காது. நான் கூடப் போட்டால் அவள் என் தட்டிலிருந்தும் சேர்த்துச் சாப்பிடுவாள். அப்படி ஒரு ஜென்மம்.

இந்த வருஷம் அவள் ஆட்டமே போய்விட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? ஆகஸ்டில் முதல் இரண்டு மேட்சில் நான் இருபத்தாறு, இருபத்திரண்டு என்று போட்டதும் செல்வகனி மேடம், அதாவது எங்கள் பி.டி. மேடம், ‘இந்தப் போக்குல போனா இந்த வருஷம் சுவருக்கு வேலை வரும் போலிருக்கே’ என்றார். அவ்வளவுதான். அடுத்த மேட்சிலிருந்து பெர்னிக்குக் கூடையைப் பார்க்கவே பயம். பந்து வந்தால் போதும், என் பக்கம் தள்ளிவிடுவாள். தனக்கு எதிரே ஆளே இல்லாமல் நிற்கிறபோதும், தானே போடாமல் எனக்குத் தட்டிவிட்டாள், நான் இரண்டு கண்ணால் பார்த்தேன். பொறுப்பை ஏற்கத் தைரியமில்லாதவர்கள் அப்படித்தான். அதிலிருந்து ஆறு மேட்சிலும் அவள்தான் பை தூக்கினாள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்? பாட்டுப் பாடிக்கொண்டு தூக்கினாள். உவரியில் மீன்கூடை வைக்கிற மாதிரி தலையில் சும்மாடு கூட்டி வைத்துக்கொண்டு, ‘ஏட்டி, இன்னும் எத்தன வேணும்?’ என்று கேட்பாள். எழுபத்து நாலு வேண்டும் என்பேன். இன்னும் ஐம்பது. இன்னும் பத்தொன்பது. ‘வாங்கிருவோம்’ என்பாள். வாங்கிருவோமாம்! யார் போடுகிற பாயின்டுக்கு யார் கணக்குச் சொல்வது?

என்ன கேட்டீர்கள்? அவள் பந்தைக் கொடுத்ததால்தானே நான் போட்டேன் என்றா? இல்லை அக்கா, அது ஆட்டம் தெரியாதவர்களுக்கு அப்படித் தோன்றும். பந்தைக் கொடுப்பது யாரும் செய்யலாம். கூடையில் போடுவதுதான் ஆட்டம். போஸ்ட்மேன் மணியார்டரைக் கொண்டுவந்து கொடுத்தால் பணம் போஸ்ட்மேனுடையது ஆகிவிடுமா?

சரி, இன்று காலை. ஃபைனலுக்கு முன்னால் நான் நூற்று நாற்பத்தாறு. ஹெப்சிபாவைத் தாண்ட எனக்குப் பத்தொன்பது வேண்டும். கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு லே-அப், இரண்டு ஃப்ரீ த்ரோ, அப்புறம் ஓரத்திலிருந்து ஒன்று. பதினெட்டு. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணாமல் இருக்க முடியுமா? சமம். நூற்று அறுபத்து நாலுக்கு நூற்று அறுபத்து நாலு. இன்னும் ஒரு கூடை, ஒரே ஒரு கூடை. நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால். ஒன்பது செகண்ட் பாக்கி. பந்து எதிர் டீமிடம்.

மேடம் டைம் அவுட் கேட்டு எங்களைச் சுற்றி நிற்க வைத்தார். ‘அஞ்சு பேரும் நம்ம கூடைக்கடியில வந்திரணும். யாரும் முன்னால நிக்கப்படாது. சுகிர்தா, நீ பதினொண்ணாம் நம்பர விடாத’ என்றார். பொதுவாகச் சொல்கிற அறிவுரை அக்கா. எல்லா மேட்சிலும் சொல்வார். அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் ஆட்டத்தில் மூளைக்கு என்ன வேலை? நான் யோசித்தேன். அவர்கள் போட்டுத் தவறவிட்டால் பந்து எங்களுக்கு வரும். அப்போது முன்னால் ஒருத்தி இருந்தால் ஒரே பாஸ், ஒரே கூடை, மூன்று பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயம். டீமுக்கும் நல்லது. டீமுக்காகத்தான் சொல்கிறேன். விசில் அடித்ததும் எல்லாரும் கீழே ஓடினார்கள், நான் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய், அவர்கள் கூடைக்கு நேராக நின்றுகொண்டேன். என்னைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு ஈ காக்கை இல்லை. இதைவிட வசதியாக ஒருத்தி எப்படி நிற்க முடியும்?

அங்கே நாலு பேரும் வழக்கம்போல் குழப்பிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி தனியாக உள்ளே புகுந்துவிட்டாள். பதினொன்றாம் நம்பர் என்று நினைக்கிறேன். ஆமாம், பதினொன்றுதான். நான் பிடிக்க வேண்டியவள்தான். அதனால் என்ன? அவள் கடைசியில் போடவில்லையே! பெர்னி பிடிக்க வேண்டியது ஏழாம் நம்பரை. தன் ஆளை அப்படியே விட்டுவிட்டு இந்தப் பதினொன்றின் முன்னால் வந்து குதித்தாள். ஒழுங்கு, கட்டுப்பாடு என்று ஒன்று உண்டா? அவளவள் வேலையை அவளவள் பார்த்தால் போதாதா? பந்து பெர்னியின் கையில் பட்டு, ரிங்கில் இடித்து, மேலே போயிற்று. திரும்பவும் எம்பினாள். மூன்று பேருக்கு நடுவில் எம்பிப் பந்தைப் பிடித்துவிட்டாள். அந்த எம்பல் நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

அப்போது நாலு செகண்ட் பாக்கி அக்கா. நாலு! நான் இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்துகிறேன். ‘பெர்னி! போடு! பெர்னி!’ கேலரியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறது. தேடுகிறாள், நன்றாகத் தெரிகிறது. ஆனால் தலையைத் தூக்கி நேரே பார்க்க மாட்டேன் என்கிறாள். அப்புறம் அந்த மூன்று பேரும் அவள் மேல் விழ, இவள் பந்தை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். கோழி முட்டை மேல் உட்கார்ந்த மாதிரி. விசில் அடித்துவிட்டது. எல்லாரும் ஓடிவந்து அவள் மேல் விழுந்து கத்துகிறார்கள், அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். நான் தூக்கின கையோடு அந்தப் பக்கம் நிற்கிறேன். ஒருத்தியாவது என் பக்கம் வந்தாளா?

நான் நேராக ஸ்கோர் டேபிளுக்குப் போனேன். முதல் பாதியில் நான் ஓரத்திலிருந்து போட்ட ஒன்றை இரண்டு பாயின்ட் என்று எழுதியிருந்தார்கள், அது மூன்று என்று வாதாடினேன். அங்கே உட்கார்ந்திருந்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ‘ஒன் காலு கோட்டு மேல இருந்திச்சும்மா. மேட்ச் ஜெயிச்சாச்சுல்லா, போயி ஒன் ஆளுகளப் பாரு, அங்க ஒரு பிள்ள விழுந்து கெடக்கு’ என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் எல்லாம் உபதேசம் செய்ய வந்துவிடுவார்கள். மேடத்திடம் கேட்டேன். சமமாக வந்திருக்கிறதே, ஹெப்சிபா பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதலாமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘தாண்டுனாத்தான் சுவரு’ என்றார். பேச்சில் பாதிக் கவனம்தான். மீதி பெர்னியின் கையில்.

கையில் என்றால் விரலில். வலது கை, நடுவிரலும் மோதிர விரலும். பந்தோடு சேர்ந்து பின்னால் மடங்கிவிட்டதாம். குச்சி ஐஸ் குச்சி இரண்டை வைத்து மேடம் கட்டிக்கொண்டிருந்தார். இசக்கி என்று ஒரு முதல் வருஷத்துப் பெண், பெர்னி தலையை மடியில் வைத்திருந்தாள். நான் குனிந்து பெர்னியிடம் கேட்டேன். நேருக்கு நேராகத்தான் கேட்டேன், முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. ‘ஏன்ட்டி போடல?’ கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திரும்பவும் கேட்டேன். இந்த இசக்கி, நேற்று வந்தவள், டீமில் ஷூ லேஸ் கட்டத் தெரியாதவள், என்னைப் பார்த்து, ‘அக்கா, கொஞ்சம் சும்மா இருங்கக்கா’ என்கிறாள்! பேச்சுரிமை எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன்.

அதற்குப் பிறகு வேனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். விரலுக்கு ஒரு வேன். சரி, போகட்டும், ஒருத்தி போனால் போதாதா? டீம் மொத்தமும் ஏறிக்கொண்டது. எக்ஸ்ரே எடுக்கப் போவது மிஷின், கட்டுப் போடப் போவது டாக்டர், பத்துப் பேர் வராந்தாவில் உட்கார்ந்து எதைக் கிழிக்கப் போகிறார்கள்? எனக்கு நாளைக்கு ஒரு பேச்சுப் போட்டி இருக்கிறது, நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். தலைப்பா? ‘கூட்டு முயற்சியே வெற்றி தரும்’. நான் ஆதரித்துப் பேசுகிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்? அப்போது மேடம் பந்துப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். ‘அப்ப இத எடுத்துட்டுப் போ.’ நான் சொன்னேன், மேடம், இன்றைக்கு நான் பதினெட்டு, அவள் பதினொன்று, சட்டப்படி இதை அவள்தான் தூக்க வேண்டும் என்று. டிரைவர் அண்ணன் கதவைச் சாத்திவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். போட்டவள் நான். போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் இடித்துக்கொண்டு பை தூக்குகிறவளும் நான். படுத்துக் கிடந்தவள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போகிறாள். எனக்கு இதுதான் கடைசி வருஷம், அடுத்த சீசன் கிடையாது. அந்தச் சுவரில் ஹெப்சிபா இன்னும் பதினைந்து வருஷம் கோணிக்கொண்டு நிற்பாள். ஒரு கூடை அக்கா. ஒரே ஒரு பாஸ். ஆறு மேட்சாகத் தேவையில்லாதபோதெல்லாம் பந்தைத் தள்ளிவிட்டவளுக்கு, தேவையான ஒரு நேரத்தில் கை வரவில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன? பொறாமை. வேறு பெயர் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

வடசேரியில் பஸ் ஏறினதிலிருந்து இதோடு பதினொரு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். பாருங்கள். ஒவ்வொன்றும் தெளிவாக, காரணத்தோடு. முதலில் உண்மைகள், அப்புறம் கேள்விகள். ஆரல்வாய்மொழி தாண்டும்போது எல்லாவற்றுக்கும் நீலக் கோடு விழுந்துவிட்டது. படித்திருக்கிறாள். ஒரு எழுத்துப் பதில் இல்லை. பதில் இருந்தால்தானே வரும்?

இந்தக் கடைசி மெசேஜை மட்டும் வாசிக்கிறேன், கேளுங்கள். ‘நீ தலையை ஆட்டி ஆட்டித் தேடினதை நான் பார்த்தேன். என்னைத் தவிர வேறு யாரைத் தேடினாய்? பத்தடிக்கு யாருமில்லாமல் நின்றவளை விட்டுவிட்டு யாரைத் தேடினாய்?’ இதற்கு என்ன சொல்வாள்? தப்பிக்கவே முடியாது. நான் கேள்வி கேட்டால் அப்படித்தான் அக்கா, நாலு பக்கமும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பேன்.

இருங்கள். வந்துவிட்டது. அவள்தான். பதினொரு மெசேஜுக்கு ஒரே ஒரு வாய்ஸ் நோட், இருபது செகண்ட். டைப் பண்ணக்கூட மெனக்கெடவில்லை பார்த்தீர்களா? இல்லை, காதில் மாட்ட மாட்டேன், உங்களுக்கும் கேட்க வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தானே. கண்டக்டர் அண்ணா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன், ஒரு நிமிஷம். ஆங், போதும். கேளுங்கள் அக்கா, போடுகிறேன்.

‘ஏட்டி வக்கீலம்மா, இப்பதான் கட்டுப் போட்டு வெளிய கூட்டிட்டு வந்தாவ. நீ அந்தப் பக்கமா நின்ன? இசக்கி இப்பம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் சத்தம் கேட்டுது, ஆளக் காணல. பந்து கையில விழுந்ததும் மொதல்ல உன்னத்தான்ட்டி தேடுனேன். நம்ம கூடைக்கடியிலல்லா தேடிக்கிட்டு இருந்தேன்.’